ஒரே காலையில் மூன்று ஒன்றாம் வகுப்பு

மகளுக்கு,

இன்று ஒரே காலையில் ஊரிலுள்ள மூன்று அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் ஒன்றாம் வகுப்பு படித்து முடித்துவிட்டேன். "புளுகாதீங்கப்பா" என்பாய். சத்தியம்!

நம் தெருப் பள்ளியில் டீச்சர் விட்ட கொட்டாவியில் நானே தூங்கிவிட்டேன். சந்தைப் பள்ளியில் இரைச்சல். பாலத்துக்கு அந்தப் பக்கப் பள்ளியில்தான் பிள்ளைகள் ஆயிரம் கேள்வி கேட்டு என்னைத் திணறடித்தார்கள். பேத்தியை அங்கேயே சேர். நேற்று அந்தப் பள்ளி வேண்டாம் என்று நான் சண்டை போட்டது, அதற்காக நீங்கள் பாலத்துக்கு அந்தப் பக்கம் வீடு மாறிப் போய்விடுவீர்களே என்றுதான். போங்கள். தனியாக ராஜா மாதிரி இருப்பேன்.

நடக்கப் போகிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறது.

பின்குறிப்பு: பெஞ்சில் மாட்டிக்கொண்ட என்னை நாற்பது பிள்ளைகள் இழுத்தெடுத்தார்கள்.

(அதன் கீழே, மகளின் கையெழுத்தில்)

அப்பா, பாலத்துப் பள்ளி டீச்சரையே போய்க் கேட்டுட்டேன். நாலு பிள்ளைங்கதானாம், ஆனா இழுத்தது நிஜம். ஒத்துக்கறேன். ராஜா கதையைத்தான் நம்பல.