திரும்பாத அடித்தட்டு

காத்தான்குடி,
ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

அன்பு மகன் றிஸ்லானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், கத்தாரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். போனில் பேசலாம்தான், ஆனால் பாதியில் ‘தெரியும் உம்மா’ என்று சொல்லி வைத்துவிடுவாய், அதனால் நாளைக்கு அங்கே புறப்படுகிற இன்ஷாபிடம் இதை எழுதிக் கொடுத்தனுப்புகிறேன். பையில் கருவாடும், நீ உடுக்க வாப்பாவின் கடைச் சாரம் இரண்டும் இருக்கின்றன. வாப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, கடைக்குப் போக வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. உன் தங்கச்சி ரிப்காவின் பிள்ளை நடக்கத் தொடங்கி விட்டது, என் வேலை மேசையில் எட்டிய திருகாணியெல்லாம் அதன் வாய்க்குள்தான் போகப் பார்க்கிறது.

மழை விட்டும் வாவிக் காற்றின் ஈரம் விடவில்லை. என்னிடம் திருத்த வருகிற நில அளவைக் கருவிகளில் பாதிக்கு மேல் கண்ணாடிக்குள் பூஞ்சணம். ஈரம் உறிஞ்சும் மணிகளைத் தாச்சியில் சூடாக்கிச் சூடாக்கி எனக்கு அலுத்துவிட்டது. அலுமாரிக்குள் பல்பு ஒன்றை எரிய விட்டு அதற்குள்தான் எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன், ‘எனக்கு ஃபேன் போட்டா கரண்ட் பில்லாம், கண்ணாடிக்கு மட்டும் ராப்பகலா லைட்டாம்’ என்று வாப்பா வருகிறவர்களிடமெல்லாம் முறையிடுகிறார்.

போன கிழமை வெல்லாவெளியிலிருந்து சர்வேயர் நல்லரத்தினம் தன்னுடைய கருவியைக் கொண்டுவந்தார். வயல் வட்டைப் பாதையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்ததாம். தானே சோதித்துப் பார்த்துவிட்டதாகச் சொன்னார், நிலத்துப் புள்ளிக்கு நேரே வைத்துக் கருவியின் தலையை அரைச் சுற்றுத் திருப்பினாராம், கீழே பார்க்கிற குழாயில் தெரியும் சிலுவைக்கோடு புள்ளியை விட்டு நகரவில்லையாம். ‘சும்மா துடைச்சுத் தாங்க, அது அசையவே இல்ல’ என்றார். அது அசையாது என்றேன். அந்தக் குழாய் தலையில் இருக்கிற கருவியும் உண்டு, அதற்கு அந்தச் சோதனை சரி. இவருடையதில் குழாய் மூன்று திருகு உள்ள அடித்தட்டில் இருக்கிறது, தலை எத்தனை தரம் சுற்றினாலும் அடித்தட்டு திரும்பாது, திரும்பாத குழாயில் பிழை எப்படித் தெரியும்? முக்காலியின் மேல் அடித்தட்டைச் சுற்றிப் பென்சிலால் கோடு கீறி, தட்டையே மூன்றில் ஒரு பங்கு திருப்பித் திருப்பிக் கோட்டுக்குள் வைத்து, ஒவ்வொரு தரமும் மட்டம் பார்த்துக் கீழே கடதாசியில் புள்ளி போட்டேன். மூன்று புள்ளியும் மூன்று இடத்தில் விழுந்தன, நடுவே ஒரு நெல் படுக்கலாம். சிலுவைக்கோடு அந்த நடுவுக்கு வரும்வரை சின்னத் திருகாணிகளை இறுக்கிக் கொடுத்தேன். எல்லைக் கல் நடுவதற்கு முன் வந்தது நல்லதாய்ப் போயிற்று என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு நீ அனுப்பிய செய்தியை மறுபடி வாசித்தேன். ‘தூண்களின் கோடு எட்டு மில்லிமீட்டர் தள்ளி விழுந்தது, கருவியின் பிழையா அதைப் புள்ளியில் வைத்தவனின் பிழையா என்று இஞ்சினியர் கேட்டார், நான் கருவியின் தலையைத் திருப்பிப் பார்த்தேன், சிலுவைக்கோடு நகரவில்லை, ஆகவே கருவி சரி, பிழை அதை வைத்த சிவதர்ஷனுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், மாதக் கடைசியில் அவனை ஊருக்கு அனுப்புகிறார்கள்’ என்று எழுதியிருந்தாய். அந்தக் கருவிக்குப் பக்கத்தில் நின்று நீ சிரிக்கிற படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குழாய் அடித்தட்டில்தான் இருக்கிறது மகன்.

கருவிதான் பிழை என்று நான் சொல்லவில்லை. சிவதர்ஷன் கவனமில்லாமல் வைத்தும் இருக்கலாம். எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது, ஆனால் தெரியும் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். எனக்குக் கோபம் இல்லை, வெட்கமாக இருக்கிறது. நான் செய்ததுபோல அடித்தட்டைத் திருப்பிப் பார். புள்ளிகள் ஒரே இடத்தில் விழுந்தால் நீ எழுதியது அப்படியே இருக்கட்டும். விழாவிட்டால் அன்றைக்கே இஞ்சினியரிடம் போ. சரியாகச் சோதிக்க வேண்டியது யார் வேலை என்று கேட்பார்கள், உன் வேலைதான், அவனுக்குப் பதிலாக உன்னையே அனுப்பினாலும் அனுப்புவார்கள். அனுப்பினால் வா, இங்கே சோறு இருக்கிறது.

வியாழக்கிழமை சிவதர்ஷனின் தாய் சீதேவிப்பிள்ளை வவுணதீவிலிருந்து பஸ் ஏறி வந்தார். சில்வர் வாளி நிறைய எருமைத் தயிர். ‘உங்கட மகன் பக்கத்தில இரிக்கிறதால நான் பயமில்லாமப் படுக்கிறன் தங்கச்சி’ என்றார். அவன் வீட்டுக்கு ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது, நானும் சொல்லவில்லை, தேத்தண்ணி கொடுத்து பஸ் வரை போய் ஏற்றிவிட்டேன். தயிரை வாப்பா சீனி போட்டு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார், எனக்கு இறங்கவில்லை. வாளியைக் கழுவிக் குசினியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். யாருடைய பாத்திரத்தையும் நாம் வெறுமனே திருப்பிக் கொடுப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். அதில் எதைப் போட்டு, எந்த முகத்தோடு கொண்டுபோய்க் கொடுப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நேரான மனதையும் தரட்டும். வெயிலில் நிற்கும்போது கழுத்தில் துவாய் போட்டுக்கொள். சாரத்தை அவசரமாக உதறாதே, மடிப்புக்குள் சீவிய பென்சில் ஒன்று வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் உம்மா
றஸீனா