பாஸ்போர்ட்டில் இல்லாத ஐந்து வயது

இயேசு மரி சூசை துணை
கல்மண்டபம், புதன்கிழமை

அன்பு மகள் ஜானட்டுக்கு அப்பா எழுதுவது. இந்த நேரம்வரை நான் சுகம், அங்கே கானாவில் நீயும் மாப்பிள்ளை சாலமனும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்க மாதாவைக் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் சொல்ல எனக்கு வாய் வராது, அவளும் விடமாட்டாள். பக்கத்து வீட்டு ஜெபின் உங்கள் ஊருக்குக் கிளம்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் பிரசவத்துக்கு அவள் வரவேண்டுமானால் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டே ஆகவேண்டும் என்றாயே, போன வியாழக்கிழமை கூட்டிப்போனேன். கப்பல் வேலைக்குப் போகிறவர்களோடு வரிசையில் நின்றோம். டாக்டரம்மா நல்லமாதிரி, முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றும் செய்யாது, சிலருக்கு இரண்டு நாள் உடம்புவலி, காய்ச்சல், அவ்வளவுதான், ஆனால் அறுபது தாண்டினவர்களில் எப்போதாவது ஒருவருக்கு ஈரலைத் தாக்கிவிடும், அவர்களுக்கு யோசித்துத்தான் போடுவோம் என்றார். பிறகு பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, ஐம்பத்தெட்டுதானே, போட்டுக்கலாம் என்றார். அங்கேதான் நான் பாவம் செய்தேன். வாயைத் திறக்கவில்லை.

ஜானட், உன் அம்மாவுக்கு அறுபத்து மூன்று. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். கல்யாணமான புதிதில் ரேஷன் கார்டுக்கு எழுதும்போது, இன்னாடா லூர்து, அக்காவ கட்டிக்கினியா என்று ஹார்பரில் கூட்டாளிகள் ஓட்டுவான்கள் என்று பயந்து நான்தான் ஐந்து வயதைக் குறைத்துச் சொன்னேன். ரேஷன் கார்டைப் பார்த்து ஆதார், ஆதாரைப் பார்த்து பாஸ்போர்ட். சரியான வயது கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தில் மட்டும்தான் இருக்கிறது. அன்றைக்கு டாக்டரம்மா முன்னால் நாக்கு நுனிவரை வந்தது, உன் அம்மா என் தொடையைக் கிள்ளிவிட்டாள். ஊசி போட்டு வெளியே வந்ததும் கத்தினேன். சும்மா இருய்யா, ரெண்டு கலைஞ்சி மூணாவதா தங்கிகீது, நம்ம பொண்ணு வலில துடிக்கச்சொல்லோ நான் இங்க சோறாக்கினு இருக்கணுமா என்று அவளும் கத்தினாள். ஊசி போடாமல் வந்து அந்தக் காய்ச்சல் பிடித்தால் அதற்குத் தனியாக மருந்து கிடையாதாம், போட்டால் இந்தப் பயம், நான் எந்தப் பக்கம் போவேன் சொல்லு.

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் வந்தது. நேற்று நூற்றியிரண்டு. மஞ்சள் தெரிகிறதா என்று நான் அவள் கண்ணை இழுத்து இழுத்துப் பார்க்க, கண்ணு இன்னா மாம்பழமா, பழுத்துதா பழுத்துதான்னு பாத்துகினே கீற என்று கையைத் தட்டிவிட்டாள். அந்தக் கையில் பலமே இல்லையம்மா. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்று காலை அவளிடம் சொல்லாமல் நேரே அந்த டாக்டரம்மாவிடம் போனேன். இன்றைக்கும் அறை நிறையக் கூட்டம். காதோடு சொல்ல நினைத்தேன், சத்தமாக வந்துவிட்டது. மேடம், என் சம்சாரம் என்னியவிட மூத்தவ, அறுவத்திமூணு, நான் பொய் சொல்லிகீறேன் என்றேன். செம திட்டு. வாங்கிக்கொண்டேன். உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லிச் சீட்டெழுதிக் கொடுத்தார். அம்மாவைச் சேர்த்துவிட்டு இப்போது வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ரத்தம் எடுத்திருக்கிறார்கள், வெறும் காய்ச்சலாகவும் இருக்கலாம், ஈரல் ரிசல்ட் நாளைக்குத்தான் வரும். இது உன் கைக்கு வரும்போது உனக்கே தெரிந்திருக்கும்.

அம்மா வரமுடியாமல் போனால் என்னைத் திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, அவளைத் திட்டாதே. முப்பத்து நாலு வருஷமாக எதற்குப் பயந்தேனோ அதை இன்றைக்கு அத்தனை ஆம்பளைகள் நடுவில் கத்தினேன், கண்ணு. ஒருத்தனும் சிரிக்கவில்லை. ஒருத்தன் எழுந்து, உக்காரு நைனா, என்று இடம் கொடுத்தான்.

மாதா உங்கள் மூன்று பேரையும் காப்பாற்றட்டும். இரும்பு மாத்திரையை விட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மாவைவிட இரண்டு வயது சின்னவன்,
உன் அப்பா லூர்து