கம்பிகளும் சொந்தக்காரர்களும்

சார், சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. நீங்கள் தந்த பச்சை சர்க்யூட் போர்டை ஆட்டோ கண்ணாடிக்குக் கீழே இத்தனை காலமும் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறேன். இன்று காலை கஞ்சிக்கோட்டில் ஏறிய ஒரு பெண், எழுத்தெல்லாம் கவிழ்ந்திருக்கிறதே என்றாள். "எங்க குலதெய்வமுங்க, அப்படித்தான் நிக்கும்" என்று சமாளித்தேன். அவளை இறக்கிவிட்டுத் திருப்பி மாட்டும்போது உங்கள் ஞாபகம் வந்து, வண்டியை ஓரங்கட்டிவிட்டேன்.

கல்பாத்தியிலிருந்து கம்பெனிக்கு என் வண்டியில்தான் வருவீர்கள். நம் இருவருக்கும் ஒரே வயது. படிப்புதான் உங்கள் பக்கமே மொத்தமாகப் போய்விட்டது. அந்த போர்டிலிருக்கும் சிப்புக்குள் கம்பிகளை நாம் சொன்னபடி ஓடவிடலாம் என்பீர்கள். கம்பி அதிகம், பாதை குறைவு. இரண்டு கம்பி ஒரே பாதையில் போனால் காரியம் கெட்டது. பாதை தேடும் பழைய புரோகிராம் கம்பிகளைப் போட்டுப் போட்டுக் கலைத்துக்கொண்டே இருந்தது. இடம் இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் சொல்லவில்லை. உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரியில் போய்ப் படுப்பதற்குள் அது தெரிந்தாக வேண்டும் என்று தவித்தீர்கள்.

"எங்க மாமன் மச்சான் மாதிரீங்க. ஒருத்தன் ஏறுன வண்டில இன்னொருத்தன் ஏறமாட்டான்," என்றேன்.

"அதேதான் ஓய். இந்தக் கம்பி இந்தப் பாதையிலா, ஆமாவா இல்லையா? எல்லாத்தையும் இப்படிக் கேள்வியாக்கிப் புதுசா ஒரு புரோகிராமுக்கு மொத்தமாக் குடுத்தா, வழி இருந்தாக் காட்டும். இல்லேன்னா இல்லவே இல்லேன்னு அடிச்சுச் சொல்லும். நாம சொல்ல மறந்ததை மட்டும் அது பாத்துக்காது."

ஒருநாள் சிரித்துக்கொண்டே வந்து ஏறினீர்கள். வழியே இல்லை என்று விடை வந்துவிட்டதாம்.

"ஏனுங்க சார், தோத்ததுக்கா இத்தனை சிரிப்பு?"

"இனிமே தேட வேண்டாமோல்லியோ. பெரிய சிப் வாங்குங்கோன்னு தைரியமாச் சொல்லிட்டேன்."

வேண்டாமல்போன அந்த போர்டை அன்றைக்கே என் கையில் கொடுத்தீர்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய சாயங்காலம் அந்தச் சிரிப்பு இல்லை. "பாக்கலாம்ங்கறார் டாக்டர். அது ஒரு விடையா ஓய்? நீர் சொல்லும்."

ஆற்றுப் பாலத்தருகே ஒரு சாயாக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினேன். அப்புறம், "ஒரு சாயா குடிக்கலாமுங்களா? ஆமாவா, இல்லையா?" என்றேன்.

"ஆமாம்," என்றீர்கள், உடனே. கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெல்லக் குடித்தீர்கள். நீங்கள் போன பிறகும் அந்தக் கடை வந்தால் என் கால் பிரேக்கைத் தேடுகிறது. யார் என்ன கேட்டாலும் "பாக்கலாம்" என்று சொல்வதை விட்டுவிட்டேன்.

போன ஆவணியில் மீனாட்சிபுரத்தில் அண்ணன் மகன் கல்யாணம். வண்டி ஏற்பாடு என் பொறுப்பு. நீங்கள் சொன்ன முறையில்தான் செய்தேன். தரையில் ஆளுக்கொரு மொச்சைக்கொட்டை பரப்பி, யாருக்கு யார் ஆகாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நகர்த்தினேன். பெரிய மாமன் ஒரு வண்டி, சின்ன மாமன் வேறு வண்டி. எல்லாம் பொருந்தியது. ஒரு முகச்சுளிப்பில்லாமல் கிளம்பி, நல்ல நேரத்துக்கு முன்பே மண்டபம் போய்ச் சேர்ந்தோம்.

மாப்பிள்ளைக்கு யாரோடும் பகை கிடையாது. ஆகவே அவனுக்கு மொச்சை வைக்கவில்லை. மாலையோடு இன்னும் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.