முடிச்சின் மீது சுமத்திய குற்றம்

மர்கிலான், மார்ச் 9

அன்பு மகள் ஷோஹிஸ்தாவுக்கு,

நானும் உன் தாயும் உடல்நலத்தில் குறையின்றி இருக்கிறோம். மனநலம் குறித்து அவ்வாறு உறுதி கூற இயலாது. பாதாமி பூத்தது, பனியில் பாதி கருகிவிட்டது. நீ பணிபுரியும் ஆய்வுக்கூடத்திலிருந்து நீ அனுப்பிய முடிவு செவ்வாயன்று கிடைத்தது. மருத்துவமனை மெழுகில் பதித்து வைத்திருந்த உன் அண்ணன் அஸிலின் தோல்துண்டை மனுக் கொடுத்துப் பெற்று உனக்கு அனுப்பியவன் நான்தான். ஆயினும் முடிவை நான்கு முறை படித்த பிறகே நம்பினேன். தோலின் செல்களை அடித்தளத்தோடு ஒட்டவைப்பதும், காயம் பட்டால் அவை ஊர்ந்து சென்று மூடுவதற்குப் பிடிமானம் தருவதும் ஒரே புரதம்; அது அவனிடம் அறவே இல்லை, எவர் எவ்வளவு மென்மையாகத் தூக்கியிருந்தாலும் தோல் உரிந்திருக்கும், புண்ணும் ஆறியிராது என்று எழுதியிருக்கிறாய்.

நீ அறியாத ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அஸில் இருபத்திரண்டு நாள் பிள்ளையாக இருந்தபோது, அசையாதபடி அவனைத் தொட்டிலோடு சேர்த்துக் கட்டும் பட்டை சுற்றிய இடங்களிலேயே கொப்புளங்கள் வரிசையாக எழுந்தன. "பிள்ளையக் கட்டுனியா, பஞ்சு மூட்டையக் கட்டுனியா?" என்று உன் அத்தை ஒய்ஷா எல்லோர் முன்னிலையிலும் உன் தாயைக் கேட்டாள். நான் அப்போது விசாரணை அதிகாரி. தடயத்தையும் காயத்தையும் பொருத்திப் பார்த்துப் பழகியவன். அவன் இறந்ததும் மருத்துவமனைப் படிவத்தில், தாய் தொட்டிலில் இறுகக் கட்டியதே காரணம் என்று என் கையால் எழுதி, அவளைக் கையொப்பமிடச் செய்தேன். உன்னை அவள் ஒருநாளும் தொட்டிலில் கிடத்தவில்லை. பத்து மாதம் கையிலேயே வைத்திருந்தாள். அதை உன் மீதுள்ள செல்லம் என்றே பிறரிடம் சொல்லி வந்தேன்.

முடிவைக் காலைத் தேநீரின்போது அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்போ என் கட்டு இறுக்கமில்லையாங்க?" என்றாள். இல்லை என்றேன். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டு விரல் நுழையுற மாதிரிதான் கட்டுனேன். அன்னிக்கே சொல்லியிருப்பேன். ஊர்ல எல்லாரையும் விசாரிச்சீங்க, என்னை மட்டும் கேக்கவே இல்லையே" என்றாள். முப்பத்தொரு ஆண்டுகளில் அவள் இதைச் சொன்னது இதுவே முதல் முறை. அதன்பின் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் வேளை தவறாமல் வருகிறது.

படிவத்தைத் திருத்த மனு எழுதியிருக்கிறேன். முடிவின் முத்திரையிட்ட பிரதியை மறவாமல் அனுப்பு. நானும் உன் தாயும் ஒன்றுவிட்ட சகோதர வழியினர் என்பதால் இக்குறை உன்னிடமும் மறைந்திருக்கலாம்; திருமணத்துக்கு முன் உன் இரத்தத்தையும் மணமகனின் இரத்தத்தையும் சோதித்துக்கொள். இறைவன் உன் கைகளுக்குத் துணை நிற்கட்டும்.

உன் தாய் எழுதுவதற்காகக் கீழே பாதித் தாளை விட்டு மூன்று நாள் காத்திருந்தேன். அது அப்படியே வருகிறது.

உன் தந்தை,
ஸய்ஃபித்தின்