ஒரு நாளைக்குப் பதினொரு தடவை

கோத்தென்பர்க், ஸ்வீடன்
12 பிப்ரவரி 2023

அன்புள்ள ராஜன்,

நலமா என்று தொடங்கத்தான் கை போகிறது. பதினேழு வருடம் கேட்காதவள் இப்போது கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும். நான் தாழக்குடி சண்முகவடிவு. எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பில் உனக்கு முந்தின பெஞ்சில் உட்கார்ந்தவள்.

போன ஞாயிறு நம் கல்லூரிப் பழைய மாணவர் சங்கம் இணையத்தில் கூடியது. கடைசியில் பிபின், "நம்ம வைகுண்டராஜன் காத்தாடிக் கோபுரத்துலேருந்து விழுந்துட்டான், இடுப்புக்குக் கீழ அசைவே இல்ல, தெரியும்லா?" என்றான். எனக்குத் தெரியாது. கேமராவை அணைத்துவிட்டு, பிபினிடம் உன் மின்னஞ்சல் முகவரி வாங்கினேன்.

நான் இங்கே பல்கலைக்கழகத்தில் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டால் உனக்கு ஆச்சரியமாக இருக்கும். கால் செயலிழந்தவர்கள் எழுந்து நடக்க ஒரு இயந்திர உடுப்பு. காலோடு சேர்த்துக் கட்டுகிற உலோகச் சட்டம். முட்டியிலும் இடுப்பிலும் மோட்டார். உடம்பை முன்னால் சாய்த்தால் அது ஓர் அடி வைக்கும். ஐந்து வருட வேலை, ஆறு ஆராய்ச்சி மாணவர்கள். பழைய மாணவர் சங்கம் மூலமாக நம் கல்லூரியும் இந்த ஆய்வில் சேர்ந்திருக்கிறது. ஜூலையில் ஒரு உடுப்பு நாகர்கோவிலுக்கு வருகிறது, நானும் வருகிறேன். அங்கே பிரிஜா என்ற விரிவுரையாளர் பொறுப்பு.

முதலில் நீ போட்டுப் பார்ப்பாயா? யோசித்துச் சொல். உன் வாட்ஸாப் எண்ணையும் அனுப்பு.

அன்புடன்,
வடிவு


அஞ்சுகிராமம்
19 பிப்ரவரி 2023

ஏட்டி வடிவு,

வாட்ஸாப் எண் தரமாட்டேன். அதில் கட்டை விரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். இப்படி நீளமாக எழுது.

விழுந்தது 2019 ஆகஸ்டில். காற்றின் மேல் பழி போட முடியாது, அன்று இலைகூட அசையவில்லை. காற்றாலைக் காத்தாடியில் பராமரிப்பு வேலை முடித்து, ஏணியில் பாதி இறங்கி, பாதுகாப்புக் கொக்கியை மாற்றி மாட்டுகிற ஒரு நொடியில் கை வழுக்கியது. முதுகெலும்போடு வலது தோளும் போச்சு. அந்தக் கையை ஊன்றி உடம்பைத் தூக்க முடியாது. மற்றபடி கைக்கும் தலைக்கும் குறைவில்லை. பழுதான காற்றாலைக் கட்டுப்பாட்டு போர்டுகளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்; சரிசெய்து கொடுக்கிறேன். வீட்டுக்காரி பேரு ஜெயபாய். மகள் ஜிஷா ஒன்பதாம் வகுப்பு, கணக்கில் உன்னை மாதிரி, வாயில் என்னை மாதிரி.

உடுப்பைப் போட்டுப் பார்க்கிறேன். கல்யாணத்துக்கு அப்புறம் யாரும் எனக்குப் புது உடுப்பு எடுத்துத் தந்ததில்லை.

வருத்தப்பட்டு எழுதாதே. எனக்குப் பழகிவிட்டது, உனக்குத்தான் புதுசு.

இப்படிக்கு,
வைகுண்டராஜன்


கோத்தென்பர்க்
29 ஜூலை 2023

அன்புள்ள ராஜன்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ஜெயபாய் கட்டித் தந்த முந்திரிக்கொத்து ஆய்வுக்கூடத்தில் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை.

கண்ணை மூடினால் கல்லூரி அரங்கம்தான் வருகிறது. நீ எழுந்து நின்றதும்தான் நீ என்னைவிட இத்தனை உயரம் என்பது நினைவுக்கு வந்தது. இருபத்திரண்டு அடி நடந்தாய். ஜெயபாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றதைப் பார்த்து பிரிஜாவும் அழுதுவிட்டாள்.

ஒரு உதவி வேண்டும். செப்டம்பரில் எங்கள் திட்டத்தை மறுபரிசீலனை செய்கிறார்கள்; அதைப் பொறுத்துத்தான் அடுத்த ஐந்து வருடம் உண்டா இல்லையா என்று தெரியும். இந்த உடுப்பு உன் வாழ்க்கையை எப்படி மாற்றியது என்று இரண்டு நிமிடம் பேசி ஒரு வீடியோ அனுப்புகிறாயா? தமிழிலேயே பேசு, நான் மொழிபெயர்த்துப் போட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
வடிவு


அஞ்சுகிராமம்
5 ஆகஸ்ட் 2023

அன்புள்ள வடிவு,

மூன்று தடவை வீடியோ எடுத்தேன். மூன்றையும் அழித்துவிட்டேன். அதனால் இந்தக் கடிதம்.

நாலு வருடமாக எல்லாருடைய மூக்குத்துவாரத்தையும் பார்த்துப் பேசியவன் நான். அன்றைக்கு நின்றுகொண்டு பிபின் கண்ணுக்கு நேராகப் பார்த்துப் பேசினேன். அவனுக்குத் தலை நரைத்தது அப்போதுதான் தெரிந்தது. அந்த இருபத்திரண்டு அடியை யார் கேட்டாலும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

ஆனால் அதை மாட்ட பிரிஜாவும் இரண்டு மாணவர்களும் நாற்பது நிமிடம் பாடுபட்டார்கள். கழற்ற இன்னொரு அரைமணி. பிறகு வாசலில் நின்ற ஆட்டோவில் என்னை ஏற்றினார்கள். டிரைவர் கக்கத்தில் கை கொடுத்தார், ஜெயபாய் காலைப் பிடித்தாள். நெல்மூட்டை ஏற்றுகிற மாதிரிதான். நீ அப்போது உள்ளே பத்திரிகைக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தாய். வீட்டிலும் அப்படியே இறக்கினார்கள். அன்று ராத்திரி கட்டிலுக்கும் அப்படியே.

மாறியது என் வாழ்க்கை இல்லை வடிவு. ஒரு சனிக்கிழமை.

இதை வீடியோவில் சொன்னால் உனக்கு ஆகாது. சொல்லாமல் வேறு பேசினால் எனக்கு ஆகாது. மன்னித்துக்கொள்.

வைகுண்டராஜன்


கோத்தென்பர்க்
9 ஆகஸ்ட் 2023

ராஜன்,

உன் கடிதம் கிடைத்தது. அந்த வீடியோவை எனக்காகக் கேட்கவில்லை. ஆறு பேருடைய படிப்பும் வேலையும் இதில் இருக்கின்றன. எந்த இயந்திரமும் முதல் நாளே ஆட்டோவில் ஏறாது. நீயும் பொறியாளர்தான், உனக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சண்முகவடிவு


கோத்தென்பர்க்
19 நவம்பர் 2023

அன்புள்ள ராஜன்,

மூன்று மாதமாக எழுதவில்லை. கோபம் முதல் வாரத்தோடு போய்விட்டது, மிச்சம் வெட்கம்.

நடந்ததைச் சொல்கிறேன். மறுபரிசீலனைக்கு முந்தின நாள் உன் படத்தைத் திரையில் போட்டு ஒத்திகை பார்த்தோம். நீ நிற்கிற படம். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் அந்த ஆட்டோ நினைவுக்கு வந்தது. அது எந்தப் படத்திலும் இல்லை. மறுநாள் மறுபரிசீலனைக் குழுவின் முன்னால் வீடியோவுக்குப் பதிலாக உன் கடிதத்தை மொழிபெயர்த்து வாசித்தேன், மூட்டை உட்பட.

வாசித்து முடித்ததும் ஒருவர் கேட்டார்: "சரி, இவருக்கு உண்மையில் என்ன தேவை?"

ஐந்து வருடமாக இதே வேலை செய்கிறேன். "தெரியாது" என்றேன். நான் உன்னிடம் உயரம் கேட்டேன், எடை கேட்டேன், இடுப்பளவு கேட்டேன். இதைக் கேட்கவில்லை.

உடுப்பு ஆராய்ச்சி பாதி அளவில் தொடரும். ஸ்ட்ரோக் வந்தவர்களுக்கு மருத்துவமனையில் வைத்துப் பயிற்சி கொடுக்க அது நிச்சயம் உதவும் என்றார்கள். மறுபாதியில், அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க ஒரு வருடம் கொடுத்திருக்கிறார்கள். என் மாணவர்களில் ஒருவன் வேறு குழுவுக்குப் போய்விட்டான். லிஃப்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவன் பக்கமும் நியாயம் உண்டு.

இப்போது கேட்கிறேன். உனக்கு என்ன வேண்டும், ராஜன்? ஜெயபாயிடமும் கேட்டு எழுது.

அன்புடன்,
வடிவு


அஞ்சுகிராமம்
28 நவம்பர் 2023

அன்புள்ள வடிவு,

உன் கடிதத்தை ஜெயபாய்க்கு வாசித்துக் காட்டினேன். அவள் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள். சொன்னபடியே எழுதுகிறேன்:

"நடக்கது இருக்கட்டு. இவிய கட்டில்லேருந்து நாற்காலிக்கும், நாற்காலிலேருந்து கக்கூசுக்கும் தானா மாறினா எனக்கு அது போரும். ஒரு நாளைக்குப் பதினொரு தடவை தூக்குதேன். எனக்கும் முதுகுன்னு ஒண்ணு இருக்குல்லா?"

வேடிக்கையாகத்தான் சொன்னாள் என்று நானும் சிரித்தேன். ஜிஷாதான் உள்ளே போய் அரிசி டிரம்மைத் திறந்து ஒரு டாக்டர் சீட்டை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். ஆறு மாதத்துக்கு முந்தின சீட்டு. ஜெயபாய்க்கு முதுகெலும்பு டிஸ்க் விலகியிருக்கிறது; பாரம் தூக்கவே கூடாது என்று எழுதியிருக்கிறது. அதை அரிசிக்குள் ஒளித்துவைத்துவிட்டு, அதற்குப் பிறகும் பதினொரு தடவை.

"ஏன் சொல்லல?" என்றேன் ஜெயபாயிடம்.

"சொன்னா நீங்க தண்ணி குடிக்கதக் குறைப்பிய" என்றாள்.

உண்மைதான் வடிவு. கக்கூசுக்குத் தூக்குவது குறையட்டும் என்று நான் அப்படித்தான் செய்திருப்பேன்.

நீ கேட்கச் சொல்லாவிட்டால் நானும் அவளைக் கேட்டிருக்கமாட்டேன். அதனால் உன்னை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஒரு படம் வரைந்து இணைத்திருக்கிறேன். ஆளைத் தூக்க வேண்டாம், இருக்கையைத் தூக்கினால் போதும். நாற்காலியின் இருக்கை மட்டும் தண்டவாளத்தில் ஓடுகிற மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து, கட்டில் உயரத்துக்கு ஏறியோ இறங்கியோ அதன் மேல் போய் நிற்க வேண்டும். சுவிட்ச் இடது கையில். முடியுமா?

வைகுண்டராஜன்


அஞ்சுகிராமம்
14 ஏப்ரல் 2024

அன்புள்ள வடிவு,

புத்தாண்டு வாழ்த்துகள். பிரிஜா உனக்கு முறைப்படி அறிக்கை அனுப்புவாள். நடந்ததை நான் சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய மோட்டாரோடு முதல் மாதிரியைப் போன மாதம் என் கட்டில் அருகில் மாட்டினோம். இருக்கை அழகாக ஏறியது. பாதி வழியில் பேட்டரி தீர்ந்தது. அவ்வளவுதான், சறுக்குமரத்தில் இறங்குகிற மாதிரி நான் மெல்ல இறங்கித் தரையில் உட்கார்ந்தேன். முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். ஜெயபாய் முதலில் பதறினாள், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாலு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அதற்காக உன் மோட்டாரை மன்னித்தேன்.

ஆனால் அது வேண்டாம். பிபின் காரில் போகும்போது யோசித்தேன். கார்க் கண்ணாடி பாதியில் நிற்கும்போது கரண்டைத் துண்டித்தாலும் அது கீழே விழுவதில்லை, பார்த்திருக்கிறாயா? உள்ளே புழு மாதிரிச் சுற்றிய பல்சக்கரம் இருக்கிறது. மோட்டார் சுற்றினால் பாரம் நகரும். பாரம் எவ்வளவு அழுத்தினாலும் மோட்டார் பின்னால் சுற்றாது. மார்த்தாண்டத்தில் பழைய கார் உதிரிக் கடையில் நாலு கண்ணாடி மோட்டார் எடுத்து வந்தான் பிபின். இரண்டைச் சேர்த்து மாட்டியிருக்கிறோம். பிரிஜாவின் மாணவர்கள் மணல்மூட்டை வைத்து நூறு தடவை நடுவழியில் கரண்டைத் துண்டித்தார்கள். ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை.

வேகத்தை மட்டும் சீராக்க வேண்டும். அது உன் வேலை.

வைகுண்டராஜன்


கோத்தென்பர்க்
23 ஜூன் 2024

அன்புள்ள ராஜன்,

வேகக் கட்டுப்பாட்டு நிரலைப் பிரிஜாவுக்கு அனுப்பிவிட்டேன். இனி கடைசி ஜாணில் வேகம் தானாகக் குறையும்.

காப்புரிமை விஷயம் பேச வேண்டும். இங்கே அதற்கென்று இருக்கும் பிரிவு, படங்களை வெளியே காட்டாதீர்கள், பதிவு செய்து ஏதாவது நிறுவனத்துக்குக் கொடுக்கலாம் என்கிறது. நிறுவனம் செய்தால் வேலைத்தரம் நன்றாக இருக்கும்; ஆனால் அஞ்சுகிராமத்துக்கு எப்போது வந்து சேருமோ தெரியாது. படங்களை எல்லாருக்கும் திறந்துவிட்டால் எந்த ஊர் வெல்டிங் பட்டறையிலும் செய்துகொள்ளலாம். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் எதுவும் நடக்கும். உன் விருப்பம் தெரியாமல் நான் போடமாட்டேன்.

போன தடவை கேட்காமல் இருந்த பிழையை இந்தத் தடவை செய்யவில்லை பார்.

அன்புடன்,
வடிவு


அஞ்சுகிராமம்
20 அக்டோபர் 2024

அன்புள்ள வடிவு,

கையெழுத்துப் போட்டு அனுப்பியது கிடைத்திருக்கும். திறந்தே இருக்கட்டும். பிரிஜாவின் மாணவர்கள் இரண்டாவது இருக்கையை இனயம் என்ற கடலோர ஊரில் ஒரு மீன்பிடித் தொழிலாளிக்குச் செய்துவிட்டார்கள், படகில் அடிபட்டவர். அங்கே உப்புக்காற்றில் தண்டவாளம் துருப்பிடிக்கிறதாம். அவரே திட்டிக்கொண்டு வேறு கம்பி பார்த்து மாற்றியிருக்கிறார். அந்த மாற்றத்தையும் படத்தில் சேர்த்துவிடு.

இந்த மாதம் பிரிஜாவிடம் கேட்டு முற்றத்திலும் ஒரு தண்டவாளம் போட்டுக்கொண்டேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் மாற்றுத்திறனாளிகளுக்கான மூன்று சக்கர ஸ்கூட்டர் ஒன்று கிடைத்தது. கையாலேயே ஓட்டலாம். ஆனால் என்னை அதில் ஏற்ற இரண்டு ஆள் வேண்டும் என்பதால் சாக்கு போர்த்தி நின்றது. அதன் இருக்கை உயரத்துக்குத் தண்டவாளத்தைச் சரிசெய்தோம்; நாற்காலியின் இருக்கை என்னோடு அப்படியே வண்டிக்கு மாறிவிடும்.

நேற்று ஜெயபாய் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். ஜிஷா பள்ளிக்கூடத்தில். நான் முற்றத்துக்கு வந்து சுவிட்சை அழுத்தினேன். ஏறினேன். பெல்ட்டை மாட்டினேன். வண்டியை எடுத்தேன்.

எங்கே என்று தீர்மானிக்கவில்லை. சந்திப்பைத் தாண்டினேன். காத்தாடிகள் எல்லாம் நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தன. மயிலாடி வரைக்கும் போனேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஒரு வேலையும் இல்லாத ஊருக்குக் கடைசியாக எப்போது போனேன் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகமே வரவில்லை. கடையோரம் நிறுத்தி, வண்டியில் இருந்தபடியே ஒரு சாயா குடித்துவிட்டுத் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்தால் முற்றத்தில் தெருவே கூடியிருக்கிறது. ஜெயபாய் ரேஷன் பையோடு வந்து பார்த்திருக்கிறாள். முற்றத்தில் நாற்காலியின் சட்டம் மட்டும் நிற்கிறது, ஆளைக் காணோம். பக்கத்து வீட்டு லீலாபாய் கிணற்றில்கூட எட்டிப் பார்த்தாளாம்.

என்னைக் கண்டதும் ஜெயபாய் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஊர் கேட்க ஏசினாள்.

"எங்க போயிருந்திய? ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவப்பிடாதா? ஆளு எங்கன்னு தெரியாம நான் எங்கெல்லாம் தேடுவேன்?"

ஐந்து வருடமாக நான் எங்கே இருக்கிறேன் என்று யாரும் கேட்க வேண்டியிருந்ததில்லை, வடிவு. எங்கே வைத்தார்களோ அங்கேதான் இருந்தேன்.

வண்டியை அணைக்காமல், அவள் ஏசி முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு, "நாளைக்குச் சொல்லிட்டுப் போறேன்" என்றேன்.

அன்புடன்,
ராஜன்