பெயர்கள் ஓடும் ஒன்பது நிமிடம்

மார்ச் 3, செவ்வாய்

மன்னிக்க வேண்டும், இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. இந்த நோட்டிடமா, இதைக் கொடுத்தவளிடமா? முதல் பக்கத்தில் அவள் கையெழுத்து இருக்கிறது. “பாப்பா சிரிச்சா, கவுந்தா, பல்லு மொளச்சா, எல்லாத்தையும் எழுதி வை. நான் வந்து படிப்பேன்.” ஏழு மாதத்தில் நான் எழுதியது நான்கு வரி. அதில் மூன்று பாப்பாவின் எடை.

ஆபீசில் எல்லாரும் அவளைக் ‘காது’ என்றுதான் கூப்பிடுவோம். நாங்கள் செய்த வீடியோ கேமுக்குச் சத்தம் பிடித்தவள். கதவு, மழை, காலடி எல்லாம் அவள் வேலை. அவள் வேலையை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. இன்று மதியம் பாப்பாவுக்கு வாழைப்பழம் மசித்துக் கொண்டிருந்தபோது அவளிடமிருந்து செய்தி வந்தது.

“ஒருவழியா கேமை முடிச்சிட்டேன்டி. கடைசிப் பேரு வரைக்கும் உக்காந்து பாத்தோம். பாப்பா பேரு வந்துச்சு. அழகா இருந்துச்சு.”

அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை இல்லை.

கேம் முடிந்ததும் திரையில் ஓடுகிற பெயர்ப் பட்டியலைத் தயாரித்தவள் நான். அதில் மூன்று வருஷம் உழைத்த காதின் பெயர் இல்லை. என் குழந்தையின் பெயர் இருக்கிறது.

மார்ச் 4, புதன்

பதில் போட்டேன். ஒன்றரை மணி நேரம் அடித்து அடித்து அழித்து, கடைசியில்: “சாரிடி. இடையில விட்டுப் போனவங்க பேரு போடக் கூடாதுன்னு ஆபீஸ் ரூல். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்.”

உடனே பதில் வந்தது. “தெரியும்டி. நீ சொல்லாம இருந்திருப்பியா.”

போனைக் கவிழ்த்து வைத்தேன். அரை மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தபோதும் அதே வரிதான் இருந்தது. என்ன எதிர்பார்த்தேன்?

மார்ச் 6, வெள்ளி

பாப்பாவுக்கு லேசாக இருமல். இரண்டு முறை எழுந்து மூக்கின் அருகே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு இருக்கிறது. இருக்காதா என்ன. ஆனாலும் வைத்துப் பார்க்கிறேன்.

நடந்ததை நடந்தபடி ஒரு தடவையாவது எழுதிவிட வேண்டும்.

காது வேலையை விட்டது அவள் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்ததால். பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை, அத்தனை நாள் லீவும் கிடையாது. கேம் வெளியாக இன்னும் ஐந்து மாதம் இருந்தது. கடைசி நாளில் எனக்கு இந்த நோட்டைக் கொடுத்தாள். “போறவளுக்குத்தான் எல்லாரும் பரிசு குடுப்பாங்க. நம்ம ஆபீஸ்ல எல்லாமே தலைகீழ்,” என்று சிரித்தாள். எனக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

நான் லீவில் போவதற்கு முன் கடைசியாகச் செய்த வேலை பெயர்ப் பட்டியல். மேனேஜர் சொன்னது இவ்வளவுதான்: “இப்ப வேலையில இருக்கறவங்க எல்லாரையும் போடுங்க. நடுவுல போனவங்களை நீங்களே பாத்து, வேணும்னா கடைசியில நன்றின்னு போட்டுக்கலாம்.” நீங்களே பார்த்து. ரூல் என்று அவர் சொல்லவே இல்லை.

நடுவில் போனவர்கள் ஏழு பேர். அதில் ஒருவர் மேனேஜரோடு சண்டை போட்டுவிட்டுக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனவர். அவர் பெயரை மேனேஜர் முன்னால் சொல்ல எனக்குப் பயம். லீவு முடிந்து வரும்போது என் நாற்காலி இருக்குமா என்ற பயம். காதை மட்டும் போட்டால் மற்றவர்கள் கேட்பார்கள் என்ற பயம். ஏழு பேரையும் எடுத்துவிட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். எடுத்துவிட்டேன். பக்கத்து மேஜைப் பெண் “பாவம் இல்லையா” என்றாள். “இதையெல்லாம் யார் உக்காந்து பாக்கப் போறாங்க?” என்றேன்.

நான்தான் சொன்னேன். இதே வாய்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கேம் உருவாகும் காலத்தில் அங்கே வேலை செய்பவர்களுக்குப் பிறந்த குழந்தைகளின் பெயர்களைப் பட்டியலின் கடைசியில் போடுவார்கள். பாப்பா பிறந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தே பக்கத்து மேஜைப் பெண்ணுக்கு போன் செய்தேன். “பட்டியலை மூடிட்டாங்களா? ஒரே ஒரு வரி.” இன்னும் மூடவில்லை. பாப்பாவின் பெயரைச் சேர்த்தாள்.

அந்த போனிலேயே இன்னொரு வரி சொல்லியிருக்கலாம். தையல் வலிக்கிறபோதே என் வரியை மட்டும் கேட்கத் தெரிந்தது.

மார்ச் 7, சனி

கொழுந்தன் வந்திருந்தான். இருபது வயசு, கேம்தான் அவனுக்குச் சாப்பாடு. சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன், கேம் முடிஞ்சதும் ஓடுற பேரெல்லாம் நீ பாப்பியா என்று.

“அண்ணி, அது ஓடுறதே நாம எழுந்து கை காலை நீட்டறதுக்குத்தான்.”

“ஒரு பேருகூடப் படிச்சதில்லையா?”

“ஒரு தடவை படிச்சேன். அன்னிக்குத் தாண்டிப் போற பட்டன் வேலை செய்யல.”

என் வீட்டுக்காரர் சமையலறையிலிருந்து, “நான் அந்த நேரத்துலதான் சாப்பாட்டைச் சூடு பண்ணுவேன். பேரு முடியவும் சூடாகவும் சரியா இருக்கும்,” என்றார். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மனசு கொஞ்சம் லேசானது. பார்த்தாயா, யாரும் பார்ப்பதில்லை.

அப்புறம் கொழுந்தன் கிளம்பும்போது, செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னான்: “உங்க கேமுல மட்டும் முழுசாப் பாத்தேன் அண்ணி. உங்க பேரு வருதான்னு. வந்துச்சு. போட்டோ எடுத்து வச்சிருக்கேன்.”

மார்ச் 9, திங்கள்

பாப்பா சாப்பிடவில்லை. ஈறு வீங்கியிருக்கிறது. பல்லா, வேறு ஏதாவதா?

மார்ச் 10, செவ்வாய்

காதே போன் செய்தாள். பாப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்க. இருமலைப் பற்றி நான் வெள்ளிக்கிழமை போட்ட ஸ்டேட்டஸைப் பார்த்திருக்கிறாள்.

“அம்மா இப்ப வாக்கர் இல்லாம பாத்ரூம் வரைக்கும் போறாங்கடி. அதான் எனக்குக் கேம் ஆடவே நேரம் கெடச்சுது. நாப்பது மணி நேரமும் என் பின்னாடியே உக்காந்திருந்தாங்க. ‘அந்தப் பொண்ணு மலை ஏறிட்டே இருக்காளே, அவளுக்குப் பசிக்காதா’ன்னு ஒரே கேள்வி.”

சிரித்தேன். பேச்சு இதோடு நின்றுவிடட்டும் என்று இருந்தது. நிற்கவில்லை.

“பேரு ஓட ஆரம்பிச்சதும் கண்ணாடியத் தொடச்சுட்டு நிமிந்து உக்காந்தாங்க. முழுசாப் போச்சு. ‘வேகமா ஓடுதுடி, நான் விட்டுட்டேன் போல, இன்னொரு தடவை போடு’ன்னாங்க. போட்டேன்.”

“ரெண்டு தடவையா?”

“ரெண்டு தடவை. ரெண்டாவது தடவைதான் பாப்பா பேரை நான் காட்டினேன். கை தட்டினாங்கடி. ‘போகட்டும், நம்ம பொண்ணு ஒருத்தி வந்துட்டா’ன்னாங்க.”

பாப்பா அழுகிறாள் என்று பொய் சொல்லி போனை வைத்தேன். பாப்பா விளையாடிக்கொண்டுதான் இருந்தாள்.

அவளாவது கோபப்பட்டிருக்கலாம். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியாவது தொலைத்திருப்பேன். இப்படி நம்பினா நான் என்னதான் பண்றது?

மார்ச் 11, புதன்

எதுவும் எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 14, சனி

பட்டியலை எழுதியவள் நான், ஆனால் அது திரையில் ஓடி நான் பார்த்ததே இல்லை. இன்று பார்த்தேன். மெனுவிலேயே அதற்கு ஒரு பட்டன் இருக்கிறது. பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, பகல் பதினோரு மணிக்கு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

ஒன்பது நிமிடம் நாற்பது விநாடி. மொழிபெயர்த்தவர்கள், வக்கீல்கள், வாசல் காவலர், எங்களுக்குக் காபி இயந்திரம் கொடுத்த கம்பெனி. மாடிப்படியில் தூங்கும் பூனையின் பெயரும் உண்டு. பூனையைச் சேர்த்தது நான். அன்று ஆபீசே சிரித்தது.

சத்தப் பிரிவில் மூன்று பெயர். நான்காவது இருந்த இடத்தில் ஓர் இடைவெளியாவது இருக்கும் என்று ஏனோ நினைத்திருந்தேன். இல்லை. ஒரு வரியை எடுத்தால் கீழ் வரிகள் மேலே நகர்ந்து மூடிக்கொள்கின்றன. தெரியாதவர்களுக்கு அங்கே ஒருத்தி இருந்ததே தெரியாது.

பட்டியல் முடிந்து கேம் மறுபடி மெனுவுக்கு வந்தது. சும்மா உள்ளே போனேன். கதாநாயகி மலை ஏறத் தொடங்கினாள். பனியில் அவள் கால் வைக்கும் சத்தம், துணிப்பையில் கட்டிய சோளமாவைக் காது பிசைந்து எடுத்தது. அவள் திறக்கிற ஒவ்வொரு கதவும் எங்கள் ஆபீஸ் பாத்ரூம் கதவு. அப்புறம் அந்த மூச்சு. ஏற ஏற வாங்குகிற மூச்சு.

அது என் மூச்சு. லிஃப்ட் கெட்டுப்போன ஒரு நாள், மைக்கைப் பிடித்துக்கொண்டு காது என் பின்னாலேயே நான்கு மாடி ஏறினாள். “நடிக்காதடி, சும்மா ஏறு. ரெண்டு பேருக்காக வாங்குற மூச்சு இது, எங்க தேடினாலும் கெடைக்காது.”

பாப்பா வாழைப்பழக் கையோடு திரையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மறுபடி திரையை.

டிவியை அணைத்துவிட்டு அழுதேன்.

மார்ச் 17, செவ்வாய்

ஏப்ரலில் வேலைக்குத் திரும்புவது பற்றிப் பேச ஆபீஸ் போனேன். பாப்பாவை இரண்டு மணி நேரம் வீட்டுக்காரரிடம் விட்டுப் போனதற்கு ஐந்து முறை போன் செய்திருக்கிறேன். ஐந்தாவது முறை, “நான் அவளோட அப்பாதான், திருடன் இல்ல,” என்றார்.

முதலில் கணக்கெடுப்பவரிடம் போனேன். ஆட்டக்காரர்கள் எந்தப் பட்டனை எப்போது அமுக்குகிறார்கள் என்பதெல்லாம் அவர் திரையில் வரும். பெயர்ப் பட்டியலை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கேட்டேன்.

“நூத்துக்குத் தொண்ணூத்தொரு பேர் முதல் நிமிஷத்துலயே தாண்டிப் போயிடறாங்க.”

“மீதி ஒன்பது?”

“பாதிப் பேர் பாத்ரூம் போயிருப்பாங்க.”

“மீதிப் பாதி?”

“அதுவா? அது நம்ம சொந்தக்காரங்க,” என்று சிரித்தார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். யாரும் பார்க்கப் போவதில்லை என்று சொன்னபோது அந்தச் சிலரை நான் எண்ணவே இல்லை. பட்டியலே அவர்களுக்காகத்தானே.

அங்கிருந்து நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். ஏழு பேர் விட்டுப்போயிருக்கிறார்கள், நான்தான் விட்டேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏழு பேரா? நீங்க குடுத்த லிஸ்ட்டுல கையெழுத்துப் போட்டேன்மா. யாரு இல்லன்னு நான் பாக்கலியே.”

சண்டை போட்டுப் போனவரும் அதில் உண்டு என்றேன்.

“அவரு பேரும் இல்லையா? அந்த மலையில பாதி அவரு கட்டினதும்மா.” மேஜைக் காலண்டரைத் திருப்பிப் பார்த்தார். “வர்ற வாரம், இருபத்தாறாம் தேதி வியாழக்கிழமை அப்டேட் போகுது. பேரு எப்படிப் போடணும்னு அவங்கவங்களையே கேட்டுப் புதன்கிழமைக்குள்ள குடுங்க. நன்றின்னு கடைசியில வேண்டாம். அவங்கவங்க பிரிவுலயே போடுங்க.”

நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. இந்த நான்கு நிமிடத்துக்குப் பயந்துதான் அத்தனையும். வெளியே வந்து மாடிப்படியில் பூனைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

ஆறு பேரிடம் பேசிவிட்டேன். ஒருவர் “இப்ப எதுக்கு” என்றார், பிறகு தன் முழுப் பெயரையும் நிதானமாகச் சொன்னார். சண்டைக்காரர் நான் சொன்ன முழுவதையும் கேட்டுவிட்டு, “பயந்துட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

காதிடம் பேசவில்லை. மூன்று முறை நம்பரை எடுத்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

காது,

இது உனக்குத்தான். நீ குடுத்த நோட்டு, நீ படிக்கிறேன்னு சொன்ன நோட்டு. மூணாம் தேதியிலிருந்து எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பறேன். நாலாம் தேதிப் பக்கத்தையும் ஆறாம் தேதிப் பக்கத்தையும் விட்டுடலாமான்னு பாத்தேன். விடல.

ரூல் எதுவும் இல்லடி. நான் சொல்லிப் பாக்கவும் இல்ல. உன் பேரை எடுத்தது நான், என் கையால. அம்மா ரெண்டு தடவை தேடினதுக்கு நான்தான் காரணம். அவங்களை மூணாவது தடவை உக்கார வைன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

வியாழக்கிழமை அப்டேட்ல ஆறு பேரு போகுது. சத்தப் பிரிவுல முதல் வரிய உனக்குன்னு விட்டு வச்சிருக்கேன். உன் பேரு எனக்குத் தெரியாதா. ஆனா உன்னைக் கேக்காம எடுத்த மாதிரி கேக்காம போட மாட்டேன். எப்படிப் போடணும்னு சொல்லு. வேண்டாம்னாலும் சொல்லு. என்கூடப் பேசப் பிடிக்கலன்னா பேரை மட்டும் அனுப்பு, போதும்.

நீ எழுதச் சொன்னதால இதையும் எழுதறேன்: இன்னிக்குக் காலையில பாப்பாவுக்குக் கீழ ஒரு பல்லு தெரிஞ்சுது. விரலை வச்சா அரிசி மாதிரி தட்டுப்படுது.

புதன்கிழமை சாயங்காலம் பட்டியலை மூடிடுவாங்க. அதுக்குள்ள, சீக்கிரம் பதில் போடு.