யாரு வூட்டு ஆடு

இன்று காலை செய்யூரில் உன் கறிக்கடையில் உன் மனைவி ஈரலை அறுத்தாள். உள்ளேயிருந்து வேப்பிலைக் கொழுந்து அளவில் ஒரு தட்டைப்புழு நெளிந்து வந்தது. பித்த நாற்றம் மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்தது. கூடவே வெட்கமும்.

முன்பு என் செம்மறிகளுக்குத் தாடை வீங்கியபோது டாக்டரை அழைத்து வந்தவன் நீதான். ஈரல்புழு என்றார். மருந்து ஊற்றினோம், வீக்கம் வடிந்தது. அடுத்த மழை முடிந்ததும் மறுபடி ஊற்றச் சொன்னாய். நான்தான் பெரிய மேதாவியாயிற்றே. "அம்மை மாதிரி மச்சான். ஒருவாட்டி வந்துட்டா இனிமே அண்டாது" என்றேன்.

"டாக்டர் இன்னா சொன்னாரு? ரத்தம் சண்டை போடத்தான் போடுமாம். புழு அதை ஏமாத்திட்டு ஈரல்ல குந்திகினு இருக்குமாம். செம்மறிக்கு எத்தினி வாட்டி வந்தாலும் தடுக்கற சக்தி வராதாம். மருந்தை ஊத்துடா" என்றாய்.

ஊற்றவில்லை. அந்தப் புழுவைப் பரப்பும் நத்தை மொய்க்கும் ஏரி ஓரத்திலேயே மேய்த்து, பொங்கலுக்கு உன்னிடம் விற்றேன்.

காணும் பொங்கலன்று கடையில் நல்ல கூட்டம். நீ அறுத்த ஈரலெல்லாம் புழு. நீ அத்தனையையும் குப்பையில் போட்டாய். "யாரு வூட்டு ஆடுய்யா இது?" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். நானும் பையோடு வரிசையில்தான் நின்றேன், வாயில் கொழுக்கட்டையை அடைத்தவன் மாதிரி. நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"எங்க வூட்டு ஆடுதான்" என்றாய். பாதிப் பேர் கறி வாங்காமல் போனார்கள். சிலர் அப்புறம் உன் கடைப் பக்கமே வரவில்லை. நான் மறுநாளும் வந்து உன்னோடு டீ குடித்தேன். சீ, என்ன மனுஷன் நான்.

அதன்பின் ஒரு மழைக்கும் மருந்தைத் தவறவிட்டதில்லை. வாயைத்தான் திறக்கவில்லை. நீயும் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

இன்று வந்தது வேறு யாருடைய ஆடோ. உன் மனைவியும் ஈரலைக் குப்பையில்தான் போட்டாள். கூட்டம் கலைந்ததும் அவளிடம் சொன்னேன், "அன்னிக்குப் பொங்கலுக்கு வெட்டுனது என் ஆடும்மா."

அவள் கத்தியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "தெரியும்ண்ணா. அவரு அன்னிக்கே சொன்னாரு. 'அவனே ஒருநாள் வந்து சொல்லுவான், நீ கேக்காத'ன்னாரு. கடைசி வரைக்கும் எதிர்பார்த்துகினு இருந்தாரு."

நீ காத்திருந்தது எனக்குத் தெரியாது மச்சான். தெரிந்திருந்தால் மட்டும் சொல்லியிருப்பேனா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன்.